கொசுத்தேனீ வாசலுக்கு ஒரு கேமரா: கன்னங்குறிச்சியில் கட்டிய பதிவுப் பெட்டி

எங்கள் வீட்டுக் கிழக்குச் சுவரில், மீட்டர் பெட்டிக்குச் சற்று மேலே, செங்கல் மூலை உடைந்த இடத்தில் கொசுத்தேனீக் கூடு இருக்கிறது. வெளியே தெரிவது பிசினால் கட்டிய சிறு குழாய் வாசல் மட்டும்தான். சேலம் கன்னங்குறிச்சியில், சேர்வராயன் மலை அடிவாரத்தில், பழைய சுவர் உள்ள வீடுகளில் இப்படிப்பட்ட கூடுகளை நிறையப் பார்க்கலாம். தேனீயின் நீளம் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான், கொட்டாது. அறிவியல் பெயர் டெட்ராகோனுலா இரிடிபென்னிஸ்.

எனக்குத் தெரியவேண்டியிருந்தது மூன்று விஷயம். காலையில் முதல் தேனீ எத்தனை மணிக்கு வெளியே வருகிறது, அதை முடிவு செய்வது வெயிலா வெப்பமா? வாசலில் காவல் நிற்கும் தேனீக்களின் எண்ணிக்கை நாள் முழுக்க எப்படி மாறுகிறது? குப்பையை எந்த நேரத்தில் வெளியே கொண்டுபோகின்றன? எங்கள் பெரியம்மாவிடம் முதல் கேள்விக்கு உடனே பதில் இருந்தது: “வெயிலு செவுத்துல ஏறாம அது வெளிய வராது கண்ணு.” அறுபது வருடம் அதே சுவரைப் பார்த்தவர் சொன்னது என்பதால், அந்தச் சொல்லைச் சோதிக்கிற மாதிரியே கருவியை அமைத்தேன்.

அசைவைக் கண்டால் மட்டும் பதிவு செய்கிற கேமரா வேண்டாம் என்பது நான் எடுத்த முதல் முடிவு. மலிவு விலைக் கேமரா என்றதும் எல்லோரும் சொல்வது அதைத்தான். காட்டுக் கேமராக்களில் இருக்கும் பிஐஆர் சென்சார், சூடான உடம்பு ஒன்று முன்னால் நகரும்போது ஏற்படும் வெப்ப வேறுபாட்டை உணர்வது. நான்கு மில்லிமீட்டர் தேனீயிடம் அது வேலை செய்யாது. ஒரு படத்தையும் அடுத்த படத்தையும் ஒப்பிட்டு மாற்றம் கண்டுபிடிக்கும் மென்பொருள் முறை உண்டு. அதில் முருங்கை மர நிழல் சுவரில் ஆடினாலே பதிவு ஓடத் தொடங்கிவிடும். இந்த இரண்டையும் விடப் பெரிய காரணம் வேறு. காவல் தேனீ அசையாமல் நிற்பதுதான் அதன் வேலை. காலையில் வாசலில் ஒன்றுமே நடக்காத அரை மணி நேரம்தான் என் முதல் கேள்விக்கான பதில். அசைவுக்கு மட்டும் விழிக்கும் கேமரா இந்த இரண்டையும் தூக்கி எறிந்துவிடும். பிறகு பதிவு இல்லாத நேரத்தில் உண்மையிலேயே ஒன்றும் நடக்கவில்லையா, கருவி தூங்கிவிட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே கடிகாரப்படி பதிவு. காலை ஐந்தரை முதல் மாலை ஆறரை வரை, ஒவ்வொரு கால் மணிக்கும் ஐந்து நிமிடம். வாசலில் திருவிழா நடந்தாலும் வெறிச்சோடிக் கிடந்தாலும் ஐந்து நிமிடம் எடுத்தே தீரும். விலங்கு நடத்தை ஆய்வில் இது புதிதல்ல. ஜீன் ஆல்ட்மன் 1974-இல் எழுதிய கட்டுரை, கண்ணில் பட்டதை எல்லாம் எழுதி வைப்பதற்கும் முன்கூட்டியே வகுத்த விதிப்படி மாதிரி எடுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை விரிவாகப் பேசுகிறது. கண்ணைக் கவர்கிற காட்சி எப்போதும் அதிகமாகப் பதிவாகும். சாதாரணமான காட்சி குறைந்துபோகும். கேமராவுக்கு அசைவு என்பது ஆளுக்குக் கவர்ச்சியான காட்சி போலத்தான்.

இனி பொருட்கள். மூளை ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ. 2021-இல் 15 டாலர் விலையில் வந்த சிறு கணினிப் பலகை இது, 512 எம்பி நினைவகம் கொண்டது. கண் அதே நிறுவனத்தின் கேமரா மாட்யூல் 3. 2023 ஜனவரியில் வந்தது, 25 டாலர். இரண்டையும் இங்கே வாங்கினால் வரி, கூரியர் எல்லாம் சேரும். ஜீரோ பலகையின் கேமரா இணைப்பு சிறியது, 22 பின். கேமராவோடு வரும் சாதாரண கேபிள் அதில் நுழையாது, ஜீரோவுக்கான ஒடுங்கிய கேபிளைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். இவற்றோடு டிஎஸ்3231 கடிகாரப் பலகை, டிஎஸ்18பி20 வெப்ப உணரி, 128 ஜிபி பென்டிரைவ், 12 வோல்ட் 7 ஏஎச் யுபிஎஸ் பேட்டரி, அதை 5 வோல்ட்டாக்கும் பக் கன்வர்ட்டர், எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் பிவிசி ஜங்ஷன் பாக்ஸ். எல்லாம் சேர்ந்து ஏழாயிரம் ரூபாய்க்குள் அடங்கியது.

இதைவிட மலிவான வழிகளையும் முயன்று பார்த்தேன். பழைய ஆண்ட்ராய்டு போன் நல்ல படம் தரும். ஆனால் கோடை வெயிலில் சுவரோரம் வைத்தால் சூடேறித் தானாக அணைகிறது, தினமும் ஒருவர் போய்த் தொட வேண்டியிருக்கிறது. ஒரு வாரம் ஊரில் இல்லாவிட்டால் கதை முடிந்தது. இஎஸ்பி32-கேம் பலகை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அரை நிமிடத்துக்கு ஒரு புகைப்படம் போதும் என்கிற வேலைக்கு அது மிக நல்லது. கோழிக்கூண்டு, மீன்தொட்டிக்கு நான் அதையே சொல்வேன். தொடர்ச்சியான வீடியோவில் அது ஒரு சீரான வேகத்தில் எழுதுவதில்லை. நொடிக்கு எத்தனை படம் என்பது மெமரி கார்டின் வேகத்தைப் பொறுத்து ஏறி இறங்குகிறது. நடத்தையின் கால அளவை அளக்கப் போகிறவருக்கு அது பயன்படாது.

கேமராவை அமைப்பதில்தான் அதிக நேரம் போனது. அந்த நேரம் வீண் அல்ல.

கேமரா மாட்யூல் 3 தானாக ஃபோகஸ் செய்யும். இயல்பு நிலையில் அது ஓயாமல் தேடிக்கொண்டே இருக்கும். வாசலுக்கு முன்னால் ஒரு தேனீ மிதந்தால் அதன்மேல் ஃபோகஸ் தாவி, சுவர் மங்கி, மறுபடி திரும்பி வரும். அந்த இடைவெளியில் மூன்று தேனீ உள்ளே போயிருக்கும். எனவே ஃபோகஸைக் கைமுறைக்கு மாற்றி ஓர் எண்ணில் பூட்டிவிட வேண்டும். அந்த எண் டையாப்டர் கணக்கு: ஒன்றை மீட்டரில் உள்ள தூரத்தால் வகுத்தால் வருவது. பத்து சென்டிமீட்டர் என்றால் 10. இந்த லென்ஸுக்கு அதுவே கிட்டத்தட்ட மிக நெருங்கிய எல்லை. நான் வைத்தது பன்னிரண்டு சென்டிமீட்டரில், எண் 8.3.

பார்வை அகலத்திலும் ஒரு நுட்பம் உண்டு. இந்தக் கேமராவில் முழுப் பரப்பையும் பயன்படுத்தும் 2304×1296 முறை இருக்கிறது. நடுப்பகுதியை மட்டும் எடுக்கும் 1536×864 முறையும் இருக்கிறது. 1280×720 வீடியோ கேட்டால் மென்பொருள் இரண்டாவதைத் தேர்ந்துகொள்ளக்கூடும், காட்சி திடீரென்று ஒடுங்கிவிடும். இதைப் பலரும் கேமரா கோளாறு என்று நினைக்கிறார்கள். எனக்கோ அந்த ஒடுங்கிய காட்சிதான் வேண்டும். முழுப் பரப்பின் கிடைக்கோணம் 66 டிகிரி. பன்னிரண்டு சென்டிமீட்டர் தூரத்தில் அது பதினைந்தரை சென்டிமீட்டர் அகலத்தைப் பார்க்கும். நடுப்பகுதி அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது பத்தரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதை 1280 புள்ளிகளில் பரப்பினால் சென்டிமீட்டருக்கு 120-க்கு மேல் வரும், நான்கு மில்லிமீட்டர் தேனீக்கு ஐம்பது பிக்சல் கிடைக்கும். காலில் மகரந்த உருண்டை இருக்கிறதா இல்லையா என்று சொல்ல அது போதும். பிக்சல் கணக்கைப் போடாமல் கேமரா வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். 4கே என்று அட்டையில் அச்சிட்டிருப்பதைவிட, உங்கள் விலங்கின்மேல் எத்தனை பிக்சல் விழுகிறது என்பதே பேச்சு.

அடுத்தது ஷட்டர். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் பறக்கும் பூச்சி, அறுபதில் ஒரு நொடி திறந்திருக்கும் ஷட்டரில் பதினாறு மில்லிமீட்டர் நீளத்துக்குக் கோடாக இழுபடும். தேனீயைப் போல நான்கு மடங்கு நீளம். ஆயிரத்தில் ஒரு நொடி என்றால் இழுவை ஒரு மில்லிமீட்டர்தான். எனவே ஆயிரத்தில் ஒன்று என்று நிரந்தரமாகப் பூட்டிவிடத் தோன்றும். நிழலில் அது சரியாக வரும். காலை எட்டு மணி வெயில் நேராகச் சுவரில் அடிக்கும்போது படம் வெளுத்துப்போகும், காரணம் இந்த லென்ஸின் துளை எஃப்1.8, அதைக் குறைக்க வழி கிடையாது. இதற்குத் தீர்வு ‘ஸ்போர்ட்’ என்ற ஒளியளவு முறை. வெளிச்சம் எவ்வளவு இருந்தாலும் ஷட்டரைக் குறுக்கி வைக்கவே அது முயலும், வெயில் ஏறினால் இன்னும் குறுக்கிக்கொள்ளும். விடியற்காலை மங்கலில் படம் சற்றுப் புள்ளி புள்ளியாகத் தெரியும். கோடாக இழுபட்ட படத்தைவிடப் புள்ளி விழுந்த படம் எண்ணுவதற்கு எளிது.

கடிகாரம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வீடியோவில் நேரம் தவறானால் எல்லாம் தவறு. ஜீரோ பலகையில் சொந்தக் கடிகாரம் இல்லை. இணையம் இருந்தால் நேரத்தை அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். இணையம் இல்லாமல் மின்சாரம் போய் வந்தால், கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கும். இரண்டு மணி நேர மின்வெட்டுக்குப் பிறகு எடுத்த கோப்பு, இரண்டு மணி நேரம் முந்திய நேரத்தைப் பெயரில் சுமந்துகொண்டிருக்கும். பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. டிஎஸ்3231 பலகை இதைத் தீர்க்கிறது. அதன் துல்லியம் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு, வருடம் முழுக்க ஓடினாலும் ஒரு நிமிடம் அளவே விலகும். அதற்கு மின்சாரம் கொடுக்கும்போது பலகையின் 3.3 வோல்ட் முனையிலிருந்து கொடுக்க வேண்டும். 5 வோல்ட்டில் இணைத்தால் ராஸ்பெர்ரியின் முனைகளுக்கு அந்த மின்னழுத்தம் போய்ச் சேரும், அவை அதைத் தாங்கக் கட்டப்பட்டவை அல்ல.

ஒவ்வொரு படத்துக்கும் அது எடுக்கப்பட்ட நேரத்தைத் தனிக் கோப்பில் எழுதச் சொல்லும் வசதி, ராஸ்பெர்ரியின் வீடியோ நிரலிலேயே இருக்கிறது. அதை எப்போதும் போட்டு வையுங்கள். நொடிக்கு முப்பது படம் என்று கேட்டாலும், கருவிக்கு வேலை கூடினால் இடையில் ஒன்றிரண்டு விடுபடும். விடுபட்டது தெரியாமல் படங்களை எண்ணி நேரம் கணக்கிட்டால் பிழை கூடிக்கொண்டே போகும்.

மின்வெட்டுக்கு இன்னொரு முன்னேற்பாடு, கோப்பின் வடிவம். எம்பி4 கோப்பின் உள்ளடக்க அட்டவணை வழக்கமாகக் கடைசியில்தான் எழுதப்படும். நடுவில் மின்சாரம் போனால் அந்தக் கோப்பு திறக்காது, அதற்கு முந்திய நான்கு நிமிடமும் அதோடு போகும். அட்டவணை எதுவும் இல்லாமல், எச்.264 முறையில் சுருக்கிய வெறும் வீடியோ ஓட்டமாக எழுதினால், வெட்டுப்பட்ட இடம் வரை அப்படியே கிடைக்கும். பிறகு கணினியில் நேரக் கோப்போடு சேர்த்து எம்கேவியாகக் கட்டிக்கொள்ளலாம். இயங்குதளம் இருக்கும் மெமரி கார்டை எழுத முடியாத நிலைக்கு மாற்றிவிட்டேன், அமைப்புப் பட்டியலில் ஓவர்லே கோப்பு முறை என்று இருப்பதை இயக்கினால் போதும். எழுதுவதெல்லாம் பென்டிரைவில்தான். சட்டென்று மின்சாரம் போனாலும் இயங்குதளம் கெடாது.

அளவு: நொடிக்கு 4 மெகாபிட் வைத்தால் ஐந்து நிமிடத் துண்டு 150 எம்பி. ஒரு நாளைக்கு 52 துண்டு, 7.8 ஜிபி. 128 ஜிபி பென்டிரைவ் இரண்டு வாரத்துக்கு மேல் தாங்கும்.

மின்சாரத்துக்குப் பவர் பேங்க் வைக்கலாமே என்று பலர் கேட்டார்கள். சார்ஜ் ஏறிக்கொண்டே மின்சாரம் தரக்கூடிய பவர் பேங்குகளிலும் பல, மாறும் கணத்தில் ஒரு நொடி துண்டித்துவிடும். கருவி அணைந்து மறுபடி எழும். 12 வோல்ட் பேட்டரியைச் சார்ஜரோடு நிரந்தரமாகக் கட்டிவிட்டால் அந்தப் பிரச்சினையே இல்லை. அதன் கொள்ளளவு 84 வாட்-மணி. பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டாலும் 42 மிஞ்சும். கருவி சுமார் 2 வாட் இழுப்பதால், மின்சாரம் இல்லாமலே இருபது மணி நேரம் ஓடும். பக் கன்வர்ட்டரைப் பேட்டரிப் பக்கம் வைக்காமல் கேமராப் பெட்டிக்குள் வைத்தேன். நீளமான ஒயரில் 12 வோல்ட்டாக வந்தால் இழப்பு குறைவு, 5 வோல்ட்டாகக் கொண்டுவந்தால் கடைசியில் எவ்வளவு மிஞ்சும் என்பது ஒயரின் தடிமனைப் பொறுத்தது.

பெட்டியைச் சுவரில் மாட்டுவதற்கு முன் தேனீக்களைப் பழக்க வேண்டியிருந்தது. இதற்கு அடிப்படை விலங்கு நடத்தை ஆய்வாளர் டின்பெர்கன் செய்த எளிய சோதனை. நெதர்லாந்தில், குளவி ஒன்றின் நிலத்தடிக் கூட்டு வாசலைச் சுற்றிப் பைன் காய்களை வட்டமாக அடுக்கினார். குளவி வெளியே போயிருந்தபோது வட்டத்தைச் சற்றுத் தள்ளி வைத்தார். திரும்பி வந்த குளவி வாசலுக்குப் போகாமல் வட்டத்தின் நடுவில் இறங்கியது. கூட்டருகே உள்ள பொருள்களைத்தான் அது அடையாளமாக வைத்திருந்தது. தேனீக்களும் அப்படித்தான். வாசலருகே திடீரென்று வெள்ளைப் பெட்டி முளைத்தால் வீடு திரும்பும் தேனீக்கள் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தைப் பதிவு செய்துவிட்டு இயல்பான நடத்தை என்று சொல்வது சரியில்லை. எனவே கேமரா இல்லாத காலிப் பெட்டியை முதலில் மாட்டினேன். தேனீக்கள் வாசலுக்கு முன்னால் தயங்காமல் நேரே உள்ளே போகத் தொடங்கிய பிறகுதான் உள்ளே கருவியை வைத்தேன். பெட்டி பறக்கும் பாதைக்கு நேர் எதிரே இல்லை, இடப்பக்கம் சற்றுச் சாய்ந்து பார்க்கிறது.

பெட்டிக்கு வெள்ளை பெயின்ட், ஒயர் நுழையும் துளை கீழ்ப்பக்கம், மேலே தகரத்தில் ஒரு தாழ்வாரம். சேலத்துச் சித்திரை வெயிலில் கருவியின் சிப் வெப்பநிலை 80 டிகிரியை எட்டினால் தானாக வேகத்தைக் குறைக்கும். கிழக்குச் சுவர் மதியத்துக்கு மேல் நிழலாகிவிடுவதால் அதுவரை போகவில்லை. மேற்குச் சுவர் உள்ளவர்கள் இதை யோசிக்க வேண்டும். எறும்புக்குப் பெட்டித் தாங்கியின் காலில் கிரீஸ். அந்த வாரம் பூச்சு வேலைக்கு வந்த கொத்தனார் அண்ணன், பொந்து என்று நினைத்து வாசலை அடைக்கச் சிமென்ட்டை அள்ளிவிட்டார். “அண்ணா, அதை மட்டும் விட்டுடுங்க, உள்ள தேனீ இருக்கு” என்றதும் கரண்டியை எடுத்துக்கொண்டு, குழாயைச் சுற்றி ஒரு விரல் இடம் விட்டுப் பூசிக் கொடுத்தார். அந்தக் கரை இப்போது எனக்கு அளவுகோலாகப் பயன்படுகிறது, அதன் விட்டத்தை அளந்து வைத்திருக்கிறேன்.

இரவுப் பதிவும் வேண்டுமென்பவர்களுக்கு: கேமராவில் அகச்சிவப்பு வடிகட்டி இல்லாத வகை தனியாகக் கிடைக்கிறது. 850 நானோமீட்டர் எல்இடி நன்றாக வெளிச்சம் தரும், ஆனால் நம் கண்ணுக்கு லேசான சிவப்பு மின்னும். 940 தெரியவே தெரியாது, கேமராவும் அதைக் குறைவாகவே உணரும். தேனீக்களுக்குச் சிவப்பு தெரியாது என்பதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கார்ல் ஃபான் ஃபிரிஷ் காட்டிவிட்டார்.  ஆகவே தேனீக்கு 850 போதும். எலி, மரநாய், தேவாங்கு போன்றவற்றைப் பார்ப்பவர்கள் 940-க்குப் போவது பாதுகாப்பு.

பதிவு குவிந்த பிறகு அதைப் பார்ப்பதுதான் உண்மையான உழைப்பு. தானியங்கி முறையில் எண்ணும் நிரல்களை உடனே நாடவில்லை. எதை எண்ண வேண்டும் என்று நம் கண்ணுக்கே தெளிவாகாதபோது நிரலுக்கு என்ன சொல்லிக் கொடுப்பது? இத்தாலியின் டூரின் பல்கலைக்கழகத்தில் உருவான போரிஸ் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். வீடியோ ஓடும்போது ஒவ்வொரு நடத்தைக்கும் ஒரு விசையை அழுத்தினால், நேரத்தோடு பட்டியலாகச் சேர்ந்துகொள்ளும். எனது பட்டியல்: வெளியேறல், மகரந்தத்தோடு வரவு, பிசினோடு வரவு, வெறுங்காலோடு வரவு, குப்பையோடு வெளியேறல். காவல் தேனீக்களை மட்டும் இப்படி எண்ணுவதில்லை. ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் படத்தை நிறுத்தி, அந்தக் கணத்தில் குழாய் விளிம்பில் எத்தனை தலை தெரிகிறது என்று எழுதுகிறேன்.

ஒவ்வொரு நடத்தைக்கும் எழுத்தில் ஒரு விதி வேண்டும். வெளியேறல் என்றால் என்ன? விளிம்புவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும் தேனீ வெளியேறியதா? எங்கள் விதி: உடல் முழுதும் குழாய் விளிம்பைத் தாண்டி, கால்கள் விளிம்பை விட்டால்தான் வெளியேறல். இந்த விதி வந்தது என் மகளால். ஒரே துண்டுகளை அவளும் நானும் தனித்தனியாக எண்ணி, கோஹனின் கப்பா என்ற அளவால் ஒப்பிட்டோம். போரிஸே அதைக் கணக்கிட்டுத் தரும். வெறுமனே எத்தனை சதவீதம் ஒத்துப்போனது என்று பார்ப்பதைவிட இது மேல், தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிடுகிறது. வரவில் இருவருக்கும் ஒத்துப்போயிற்று. வெளியேறலில் ஒத்துப்போகவில்லை. எட்டிப் பார்ப்பவற்றையும் அவள் சேர்த்திருந்தாள். “அதுவும் ஒரு வேலைதானேப்பா, வெளிய எப்படி இருக்குன்னு பாக்குது” என்றாள். அது நியாயம். அன்றிலிருந்து எட்டிப் பார்த்தல் தனி நடத்தையாகப் பட்டியலில் இருக்கிறது. காலையில் முதல் தேனீ பறப்பதற்கு முன் அந்த எட்டிப் பார்த்தல் கூடிக்கொண்டே போவதை இப்போது பார்க்கிறோம்.

பெரியம்மாவின் சொல்லுக்கு வருகிறேன். மார்கழியில் வெயில் சுவரில் விழுந்த பிறகும் தேனீக்கள் நெடுநேரம் உள்ளேயே இருந்தன. ஆடியில் வானம் மூடியிருந்த காலைகளில், சுவரில் வெயில் படாமலே வெளியே வந்தன. நிழலில் தொங்கவிட்ட வெப்ப உணரியின் எண்களோடு வைத்துப் பார்த்தால், வெளியே வரும் நேரம் வெப்பத்தைத்தான் நெருங்கித் தொடர்கிறது. பங்குனி, சித்திரையில் இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால் பெரியம்மா பார்த்தது முழுக்க உண்மை. வீடியோவைக் காட்டிச் சொன்னபோது, “மார்கழில நான் எங்க அந்நேரம் செவுத்தப் பாத்தேன், கோலம் போடவே நேரம் பத்தாது” என்றார்.

குப்பை எடுத்தல் காலையிலேயே அதிகம். சிறு உருண்டையை வாயில் கவ்விக்கொண்டு பறந்துபோய், வாசலிலிருந்து தள்ளி விடுகின்றன, அதனால்தான் சுவரடியில் குப்பை சேர்வதில்லை. கடிகாரப் பதிவின் அருமை எனக்கு முழுதாகப் புரிந்தது ஒரு பல்லியால். மாலைத் துண்டுகளில் குழாய்க்குக் கீழே, கையகல தூரத்தில், அது அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு துண்டு முழுக்க அசைவே இல்லை. அடுத்த துண்டிலும் இல்லை. அந்த நேரங்களில் வாசல் விளிம்பில் தலைகள் கூடின, திரும்பி வரும் தேனீக்கள் இறங்காமல் வட்டமிட்டன. பல்லி பாய்ந்த கணத்தை மட்டும் எடுத்த கேமராவாக இருந்தால், வேட்டை கிடைத்திருக்கும். அது வெறுமனே ஒட்டிக்கொண்டிருந்ததால் கூட்டில் ஏற்பட்ட மாற்றம் கிடைத்திருக்காது.

இரண்டாவது பெட்டி ஒன்றைக் கட்டி ஏற்காட்டுக்குக் கொண்டுபோனேன். மாமாவின் காபித் தோட்டத்தில், சில்வர் ஓக் நிழலில், பெட்டியில் வளர்க்கும் இந்தியத் தேனீக்கள் இருக்கின்றன. கோடையில் பூ மழை, அதாவது காபி மொட்டை விரிய வைக்கும் மழை, பெய்து, ஒரு வாரம் பத்து நாள் கழித்துக் காபி மொத்தமாகப் பூக்கும். அந்தப் பூ சில நாளே நிற்கும் என்பதால் அதற்கு முன்பே கருவி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம் என்பதால் கன்னங்குறிச்சி அமைப்பு அங்கே அப்படியே செல்லாது. மூடுபனியில் லென்ஸ் வியர்க்கிறது. பெட்டிக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டதோடு, இரவிலும் கருவியை அணைக்காமல் விட்டேன். அந்த 2 வாட் சூடே லென்ஸைக் காய்ந்த நிலையில் வைக்கிறது. அதற்கு விலை மின்சாரம்: நாளைக்கு 48 வாட்-மணி. தோட்டத்தில் கரண்ட் லைன் இல்லை. 20 வாட் சோலார் பலகை வெயில் நாளில் கணக்கைச் சமன் செய்யும், மூடுபனி நாளில் செய்யாது. 40 வாட் வைத்தேன். குரங்குகள் ஒயரைப் பிடித்து இழுப்பதால் ஒயர் முழுதையும் ஜிஐ பைப்புக்குள் விட வேண்டியதாயிற்று.

இந்தியத் தேனீ பெரியது, சென்டிமீட்டர் அளவு. எனவே கேமராவை இருபத்தைந்து சென்டிமீட்டர் தள்ளி வைத்து, ஃபோகஸ் எண்ணை 4 ஆக்கினேன். பார்வை அகலம் இருபத்தொன்று சொச்சம் சென்டிமீட்டர். ஒரு தேனீயின்மேல் விழும் பிக்சல் கன்னங்குறிச்சியைவிடச் சற்றுக் கூடுதலாக, அறுபதுக்கு அருகில் வருகிறது, எண்ணும் விதிகளையும் அதனால் மாற்ற வேண்டியிருக்கவில்லை. வெயில் ஏறிய மதியத் துண்டுகளில் வாசலில் வரிசையாக நின்று சிறகு விசிறும் தேனீக்கள் தெரிகின்றன. தலை வெளிப்பக்கம் பார்க்க, காற்றைக் கூட்டுக்குள் தள்ளுகின்றன. ஐரோப்பியத் தேனீ இதையே தலையை உள்பக்கம் வைத்துச் செய்து, உள்ளிருக்கும் காற்றை வெளியே இழுக்கும். நேர் எதிரே வைத்த கேமராவில் தலையின் திசை தெரிகிறது, விசிறும் தேனீக்களை எண்ண முடியவில்லை, முன்னால் நிற்பவை பின்னால் நிற்பவற்றை மறைக்கின்றன. அடுத்த பூ மழைக்கு முன் பெட்டியை வாசல் பலகைக்கு மேலே, சாய்வாகக் கீழ்நோக்கி மாற்றப் போகிறேன். அங்கிருந்து தூரம் முப்பது சென்டிமீட்டர் வருகிறது, எண் 3.3.